மோரிக்குள் ஓடிய குழாய்

பேரிகை முனிசாமிக்கு நான்கு பெண்கள். மூத்தவளை மாலூர்ப் பக்கம் கொடுத்தார். இரண்டாமவளைத் தங்கை மகனுக்கே கட்டிவைத்தார். கடைக்குட்டி விஷக்காய்ச்சலில் ஏழு வயதிலேயே போய்விட்டாள். மூன்றாவதாகப் பிறந்தவள்தான் இந்த ரங்கம்மா. நால்வரில் நிறம் இவளுக்கு, வாய் இவளுக்கு, சந்தேகமும் இவளுக்குத்தான். தன் கையால் கறந்த பாலையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள்.

சீத்தனப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை கோவிந்தப்பன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கூச்சம். ரங்கம்மா உள்ளேயிருந்து அத்தையைக் கூப்பிட்டு, "கால் ரெண்டும் சரியா இருக்குதான்னு பாரு அத்தை. எதுக்கு எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு?" என்றாள். அத்தைக்கு ரகசியம் நிற்காது. சபையிலேயே போட்டு உடைத்துவிட்டாள். கோவிந்தப்பன் எழுந்து வாசலுக்குப் போய், மாட்டுக் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்தார். "நடை பரவாயில்லை" என்று உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் வெற்றிலை மாற்றினார்கள்.

சீத்தனப்பள்ளி பாகலூர் தாண்டி உள்ளே போகிற ஊர். ரங்கம்மா வந்த காலத்தில் அவர்கள் தெருவில் பதினோரு வீடு. எல்லாரும் பங்காளிகள். பக்கத்து வீட்டில் கோவிந்தப்பனின் அண்ணன் குடும்பம். அண்ணன் பெண்சாதி சரசம்மா ரங்கம்மாவுக்கு ஓரகத்தி. இரண்டு பேருக்கும் வந்த நாள் முதல் ஆகாது. ராகிக் கொல்லைகள் ஒவ்வொன்றாகக் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போயின. கோவிந்தப்பன் தன் கொல்லை இருந்த இடத்தில் எழும்பிய கம்பெனிக்கே வாட்ச்மேன் ஆனார். வீட்டுக்குப் பின்னால் நான்கு அறை போட்டு வாடகைக்கு விட்டார்கள். மற்ற வீட்டுக்காரர்களும் அப்படியே செய்தார்கள். பதினோரு வீட்டுத் தெருவில் இன்றைக்கு அறுபது அடுப்பு எரிகிறது. அறுபது வீட்டுக் கழிவும் தெருவோர மோரியில்தான் ஓடுகிறது. மோரி என்றால் சாக்கடைக் கால்வாய். அந்தப் பக்கத்தில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ எது பேசினாலும் அதற்குப் பெயர் மோரிதான்.

ரங்கம்மாவுக்கு ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து ஒரே பெண் பிறந்தாள், ஜோதிமணி. அவளைப் பர்கூரில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை மாதேஷ், கிரானைட் அறுக்கிற இடத்தில் சூப்பர்வைசர். ஏழாம் மாதம் வளையல் போட்டு, ஜோதிமணியைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வரப் போனபோது மாதேஷின் அம்மா சாந்தம்மா மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"இங்கயே இருக்கட்டுமே சம்மந்தி. உங்க ஊரு கம்பெனி ஊரு. புகையும் தண்ணியும் எப்படியோ."

"கம்பெனி எங்க ஊர்ல இருந்தா நாங்க என்ன எண்ணெயா குடிக்கறோம்? தலைப்பிரசவம் தாய் வீட்டுல. அதை மாத்தறதுக்கு நீங்க யாரு, நான் யாரு?" என்றாள் ரங்கம்மா.

பேருந்தில் வரும்போதே கோவிந்தப்பனின் காதைக் கடித்தாள். "பிள்ளை மேல அக்கறைன்னா நினைக்கற? எட்டு மாசத்துலயும் வேலை வாங்கப் பாக்குது அந்தம்மா."

கோவிந்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருஷ வழக்கம்.

அந்தத் தெருவுக்கு வாரத்துக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வரும். முக்கால் மணி நேரம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய் பழையது. வீட்டுக்கு வீடு பிரிகிற இரும்புக் குழாய்களும் அதே வயதுதான். துரு அடைத்து, வர வர நூல் மாதிரி வந்தது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் குழாயிலேயே மோட்டாரை மாட்டிவிட்டார்கள். போடக்கூடாது என்று சட்டம் உண்டு. சட்டத்துக்குத் தெரியாமல் அதன்மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். முதலில் போட்டவள் சரசம்மா. அவள் அரைக் குதிரைச் சக்தி போட்டாள் என்று தெரிந்ததும் ரங்கம்மா ஒரு குதிரைச் சக்தி வாங்கி மாட்டினாள். அதோடு நிற்கவில்லை. தண்ணீர் நின்ற பிறகும் அவள் மோட்டாரை நிறுத்த மாட்டாள். குழாயில் மிச்சம் நிற்கிற தண்ணீரைச் சரசம்மா இழுத்துவிடுவாள் என்று சந்தேகம். மோட்டார் காற்றை இழுத்து இருமுகிற வரைக்கும் ஓடும். இழுத்ததெல்லாம் வாசலில் தரைக்கடியில் கட்டிய தொட்டியில் விழும். ரங்கம்மா வீட்டுக்கும் பின்னாலிருக்கிற நான்கு அறைகளுக்கும் அந்த ஒரே தொட்டிதான்.

முதல் அறையில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கருப்பாயி குடியிருந்தாள். புருஷன் அழகர்சாமி ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கருப்பாயி வண்டிகளுக்கு ரப்பர் குழாய் செய்கிற வேறொரு கம்பெனியில். ஒரே பையன், அஸ்வின், ஒன்றாம் வகுப்பு. கருப்பாயி தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் குடிப்பாள். அதுவே ரங்கம்மாவுக்குப் பொறுக்காது. "எங்க தண்ணி ஆகலன்னா வைகையைக் கட்டித் தூக்கிகினு வர்றதுதானே" என்பாள், கேட்கிற மாதிரி. கருப்பாயி, "கெட்டி எடுத்தாரலாம்த்தா, பஸ்ல ஏத்த மாட்டேங்கிறாய்ங்க" என்பாள், அதுவும் கேட்கிற மாதிரி.

ஜோதிமணி வந்து மூன்று வாரம் இருக்கும். அஸ்வினுக்குக் காய்ச்சல் கண்டு, வாந்தியெடுத்து, கண் மஞ்சளாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் குடிக்கிற தண்ணீரை யார் கொதிக்கவைத்துத் தருவார்கள் என்று கருப்பாயி நினைத்துக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, பையன் விளையாடிவிட்டு வந்ததும் தொட்டியிலிருந்து மொண்டுவைத்த வாளியில் வாய்வைத்துக் குடிக்கிறான் என்று. ரங்கம்மாவுக்கு அது எதுவும் வேண்டியதில்லை. "போன மாசம் ஊர்த் திருவிழாவுக்குப் போச்சே, அங்கிருந்து கொண்டாந்திருக்குது" என்று தெரு முழுக்கச் சொன்னாள். பையன் முன்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்று கட்டளை போட்டாள். பையன் மாதம் முடிவதற்குள் தேறினான்.

அப்புறம் ஜோதிமணிக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. மசக்கை இத்தனை மாதத்துக்கா என்று ரங்கம்மாவுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. கையைப் பிடித்து வெயிலில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தாள். கண் எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது.

ஓசூரில் பெரிய டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வீட்டில் வேற யாருக்காவது காமாலை இருந்ததா?"

"குடியிருக்கறவங்க பையனுக்கு இருந்துச்சு."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணியா?"

"ஒரே தொட்டி."

"அப்போ தண்ணியைப் பாருங்கம்மா. இது தண்ணியால வர்ற காமாலை. வயித்துல பிள்ளை இருக்கறப்ப ஏறிச்சுன்னா தாயும் தப்பறது கஷ்டம், பிள்ளையும் தப்பறது கஷ்டம். நாலு நாளைக்கு ஒருதரம் ரத்தம் பார்க்கணும். கொதிக்கவெச்ச தண்ணி தவிர ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது."

டாக்டரம்மா சொன்னதில் ரங்கம்மாவின் காதில் நின்றது "குடியிருக்கறவங்க பையன்" என்ற ஒன்றுதான். அதை அவளேதான் சொன்னாள் என்பது மறந்துபோனது.

மாதேஷ் போனில் அழுதான். கேன் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள் என்றான். கேன் வந்தது. ரங்கம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். மருந்து வாசனையும் இல்லை, மண் வாசனையும் இல்லை. வாசனையே இல்லாத தண்ணீர் எப்படி இருக்கும்? ஏரியில் மொண்டு ஊற்றிக்கொண்டு வருகிறான் கேன்காரன் என்று முடிவுகட்டினாள். அந்தத் தண்ணீரில் பாத்திரம் விளக்கினாள். மகளுக்குத் தன் வீட்டுத் தொட்டியிலிருந்தே மொண்டு, கை பொறுக்கிற சூட்டில் வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தாள். கண்ணுக்கு முன்னால் வந்து, கண்ணுக்கு முன்னால் விழுந்த தண்ணீர். அதைவிட எதை நம்புவது? கொதிக்கவிட்டால் தண்ணீரின் சத்துப் போய்விடும் என்று வேறு அவளுக்கு ஒரு நினைப்பு.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் காமாலை இறங்கவில்லை. கூடவே வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஜோதிமணியின் கால்கள் குச்சியாகி வயிறு மட்டும் பெரிதாக நின்றது.

ரங்கம்மா தூங்குவதை விட்டாள். யார் செய்தது? பஞ்சாயத்துக் குழாய்க்கு வால்வு திறந்து தண்ணீர் விடுகிற மாதவனைத் தெருமுனையில் மடக்கினாள்.

"தொட்டியில பவுடர் போடறயா இல்லையா?"

"போடறேன் அக்கா. வாசனை வருதில்ல?"

"வாசனைக்குப் போடறயா, கிருமிக்குப் போடறயா?"

"டேங்க் தண்ணியைப் போன வாரந்தான் எடுத்துப் போயிப் பாத்தாங்க. நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"டேங்க்ல நல்லாருக்கற தண்ணி என் வீட்டுக்கு வந்து கெட்டுப் போறதுக்கு அது என்ன மருமகளா?"

மாதவன் சிரித்துவிட்டான். சிரித்ததால் அவன்மேல் சந்தேகம் இரட்டிப்பானது. சரசம்மா தொட்டியில் எதையாவது போட்டிருப்பாளா என்று ஒருநாள் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டாள். மேட்டுக் கம்பெனி மருந்துத் தண்ணீர் விடுகிறதோ என்று ஒருநாள் மேடு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். அங்கே புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர் வருகிற நேரம். ரங்கம்மா வெளியே வந்தபோது கருப்பாயி வாசலுக்கு முன்னால் மோரிக் கல்லில் குந்தியிருந்தாள். கையில் ஒரு குச்சி. சாக்கடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் எதையோ முணுமுணுத்தது. ரங்கம்மாவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

"என்னாடி போட்ட அதுல?"

கருப்பாயி நிமிர்ந்தாள். "நான் என்னத்தத்தா போடப் போறேன்?"

"எலுமிச்சம்பழமா, தகடா? என் வாசல்ல, வயித்துப் பிள்ளைக்காரி படுத்திருக்கற வீட்டு வாசல்ல குந்திகினு மந்திரம் சொல்லிகினு இருக்கற. உன் பிள்ளை பிழைச்சதுக்கு என் பிள்ளையைக் குடுக்கறயா?"

தெருவில் குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கருப்பாயியின் முகம் செத்துவிட்டது.

"மந்திரமில்லத்தா, எண்ணிக்கிட்டிருந்தேன். சும்மா வையாதீங்க. நான் கம்பெனியில எட்டு மணி நேரமும் இதத்தான் பாக்குறேன். ரப்பர் குழாய்க்குள்ள காத்தடிச்சுத் தண்ணித் தொட்டிக்குள்ள முக்குவோம். எங்கிட்டாச்சும் ஓட்டை இருந்தா பபுள் கிளம்பும். பத்து எண்ணுறதுக்குள்ள ஒரு பபுள் வந்தாலும் அந்தக் குழாய் ரிஜெக்ட்டு. போன வாரம் தண்ணி வர்றப்ப உங்க மோரிக்குள்ள பபுள் பாத்தேன். இன்னைக்கும் வந்துச்சு. நீங்க கத்துறதுக்கு முன்னாடி முப்பது எண்ணிட்டேன்."

"சாக்கடைன்னா முட்டை விடத்தான் செய்யும்."

"சாக்கடை முட்டை நினைச்ச எடத்துல வரும். இது இடம் மாறாம, கோடு போட்ட மாதிரி வருது. அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்துல உக்காந்து பாருங்க."

"அடுத்த வெள்ளிக்கிழமை நீ இருந்தாத்தானே. மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணு."

அன்றைக்கே பர்கூருக்குப் போன் போட்டு ரங்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். குடியிருக்கிறவள் செய்வினை வைத்துவிட்டாள், கண்ணால் பார்த்தேன், காலி பண்ணச் சொல்லிவிட்டேன் என்று. சாந்தம்மா, "அப்ப நான் வர்ற வாரம் சனிக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிக்கறேன் சம்மந்தி" என்றாள். "பிரசவம் எங்க வீட்டுலதான்" என்று ரங்கம்மா போனை வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. ரங்கம்மா ஆறரைக்கே மோரிக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டாள். குமிழி பார்க்க அல்ல. கருப்பாயியின் கையைப் பார்க்க. கருப்பாயி வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, எதிரே குந்தினாள். பக்கச் சந்து வழியே அவள் அறையில் சாமான் கட்டிவைத்த மூட்டைகள் தெரிந்தன. கோவிந்தப்பன் உள்ளே சுவிட்சுப் பக்கத்தில் நின்றார்.

மாதவன் தெருமுனையில் வால்வைத் திறந்தான். முதலில் குழாய்களில் காற்றுத்தான் வரும். சரசம்மா வீட்டுக் குழாய் சீறியது. அதே சமயம் மோரியின் கறுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் கிளம்பின. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, ஓர் இழுத்த நூலின்மேல் வருவதுபோல மூன்றே இடங்களில், விடாமல்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கருப்பாயி எண்ண ஆரம்பித்தாள். ரங்கம்மா எண்ணவில்லை. அந்தக் கோட்டில் குழாய் போவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. போடச் சொன்னவளே அவள்தான்.

ஊருக்குக் குழாய் வந்த வருஷம் அது. அவள் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். பெரிய குழாய் தெருவின் அந்தப் பக்கம். வீடு மோரிக்கு இந்தப் பக்கம். குழாய் போட்ட ஆள் சரசம்மா வீட்டு முன்னாலிருந்த கல்பாலத்தின் மேலேயே கொண்டுவந்து இரண்டு வீட்டுக்கும் பிரித்துவிடலாம் என்றான். பாலத்தின்மேல் வந்தால் நடுவில் சரசம்மா ஒரு குழாய் வைத்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வாள் என்று ரங்கம்மாவுக்குப் பட்டது. நேராக மோரியின் அடியில் புதைத்துக்கொண்டு வா என்றாள். அந்த ஆள் தயங்கினான். "ஈரத்துல கெடந்தா இரும்பு அரிச்சிடும்மா." அப்போது மோரியில் மழைத் தண்ணீர் மட்டும்தான் ஓடியது. மாடுகள்கூட அதில் வாய் வைக்கும். "மழைத் தண்ணி அரிக்கற இரும்பு என்னா இரும்பு" என்று கேட்டாள். அவன் புதைத்துவிட்டுப் போனான். அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் அப்படியே புதைத்துக்கொண்டார்கள். கிட்ட வழி, குழாயும் மிச்சம்.

தண்ணீர் வந்ததும் குமிழி நின்றது. கோவிந்தப்பன் மோட்டாரைப் போட்டார். முக்கால் மணி நேரம் இருவரும் அங்கேயே இருந்தார்கள். கருப்பாயி சொன்னாள், "பபுள் வெளிய வந்த எடத்துலதான் சாக்கடை உள்ள போகும்த்தா. தண்ணி நின்னதுக்கப்புறம் பாருங்க."

மாதவன் வால்வை மூடினான். மற்ற வீட்டு மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரங்கம்மா வீட்டு மோட்டார் வழக்கம்போல இழுத்துக்கொண்டிருந்தது. மோரியில் ஒரு காலி ஷாம்பு பாக்கெட் மிதந்து வந்தது. குமிழி வந்த இடத்துக்கு மேலே வந்ததும் நின்றது. சுற்றி ஓடுகிற தண்ணீர் அதைத் தள்ளியும் அது போகவில்லை. மெல்லத் தலை சாய்ந்து, உள்ளே முழுகி, அடியில் ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில் தண்ணீர் கன்னத்துக் குழி மாதிரி குழிந்து சுழன்றது.

ரங்கம்மா சத்தம் போட்டாள். "மோட்டாரை நிறுத்து."

மோட்டார் நின்றது. பாக்கெட் விடுபட்டு மேலே வந்து, தன் பாட்டுக்குப் போனது.

கண்ணால் பார்த்ததை ஒரே தடவையில் நம்புகிறவள் அல்ல ரங்கம்மா. ஒரு காய்ந்த அரச இலையைப் போட்டாள். "போடு." இலை போய் ஒட்டியது. "நிறுத்து." இலை போய்விட்டது. ஒருவேளை சரசம்மாவின் மோட்டார் ரகசியமாக ஓடுகிறதோ என்று சந்தேகம் வந்து, அவள் வாசலுக்கே போய் மோட்டார்மேல் கை வைத்துப் பார்த்தாள். மோட்டார் அசையாமல் நின்றது. சரசம்மா, "என் மோட்டாருக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாக்கறயா?" என்றாள். ரங்கம்மா திரும்பி வந்து மறுபடியும் இலை போட்டாள். "போடு." ஐந்தாவது தடவையும் ஒட்டியது. கோவிந்தப்பன் உள்ளேயிருந்து, "இன்னும் எத்தனை தரம்? மோட்டார் எரிஞ்சிடும்" என்றார்.

"எரியட்டும்" என்றாள்.

அவள் கருப்பாயியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள் போய், மகளின் தலைமாட்டில் இருந்த சொம்பை எடுத்தாள். அதில் அவள் காலையில் வெதுவெதுப்பாக்கி வைத்த தண்ணீர் பாதி இருந்தது. பாதி மகள் குடித்திருந்தாள். சொம்போடு கொல்லைக்குப் போய் ஊற்றிவிட்டு, துணி துவைக்கிற கல்லின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மாதேஷும் சாந்தம்மாவும் காரோடு வந்துவிட்டார்கள். சாந்தம்மா உள்ளே வந்ததும் மருமகளின் கண்ணைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு வெளியே வந்து, வாசலில் சாமான் மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்த கருப்பாயியைக் காட்டிக் கேட்டாள்.

"இவதானா அது? இன்னும் போவலயா?"

தெருவில் நாலு பேர் நின்றார்கள். சரசம்மா கதவோரம் வந்துவிட்டாள். கோவிந்தப்பன் தரையைப் பார்த்தார். ரங்கம்மா வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும். திறக்காவிட்டால் மாதவன்மேல் போடலாம், பஞ்சாயத்தின்மேல் போடலாம், கருப்பாயி இன்னும் ஒரு மணி நேரத்தில் மூட்டையோடு போய்விடுவாள். உசிலம்பட்டிக்காரி சொல் இந்தத் தெருவில் யார் காதில் ஏறும்?

"அவ இல்ல சம்மந்தி" என்றாள் ரங்கம்மா. "என் குழாய். மோரிக்குள்ள போவுது. ஓட்டையாயிருக்குது. என் மோட்டார்தான் மோரித் தண்ணியை இழுத்துத் தொட்டியில ஊத்திச்சு. கேன் தண்ணி வந்துச்சு, அதையும் நான்தான் குடுக்கல. இந்தத் தண்ணியைத்தான் குடுத்தேன்."

சாந்தம்மா கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. "கேன் தண்ணியை எதுக்குக் குடுக்கல?" என்று மட்டும் கேட்டாள்.

"நம்பல."

"என் மகன் சொன்னதை நம்பல. இந்தப் பொண்ணை நம்பல. மோரியை நம்பின." சாந்தம்மா உள்ளே திரும்பினாள். "மாதேசா, துணியை எடுத்து வை."

ஜோதிமணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்தார்கள். ரங்கம்மா கிட்டே போகவில்லை. கார் போன பிறகு கருப்பாயியின் அறை முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"மூட்டையைப் பிரி" என்றாள்.

"பிரிக்கலாம். நேத்து வரைக்கும் மந்திரக்காரி. இன்னைக்கு என்ன?"

"என்னா சொல்லணும்ங்கற?"

"தெரு பூரா சொன்னீங்கள்ல. தெரு பூரா போய் இல்லைன்னு சொல்லுங்க."

ரங்கம்மா போனாள். அறுபது வீட்டுக்கும் போனாள். போன இடத்திலெல்லாம் கருப்பாயிமேல் தப்பில்லை என்று சொன்னால் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் தன் குழாயைத் தோண்டி எடுக்கவைத்தாள். வெளியே வந்தபோது அது குழாய் மாதிரியே இல்லை. கறையான் தின்ற விறகு மாதிரி இருந்தது. கையால் அழுத்தினால் சில்லுச் சில்லாக விழுந்தது. அந்தச் சில்லுகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினாள். புதுப் பிளாஸ்டிக் குழாயைப் பாலத்தின்மேல் ஏற்றிக் கொண்டுவந்தாள். மோட்டாரைக் கழற்றினாள். தொட்டியைக் கழுவி, பவுடர் போட்டு, இரண்டு நாள் வெறுமையாகக் காயவிட்டாள்.

ஆனால் பெரிய குழாய் ஒன்றுதான். பத்து வீட்டுக் குழாய் இன்னும் மோரிக்குள் கிடந்தது. பத்து மோட்டாரும் இழுக்கிறபோது எந்த ஓட்டை வழியாக எது உள்ளே போய் எந்த வீட்டில் விழும் என்று யார் சொல்வது? வெள்ளிக்கிழமை காலையில் ரங்கம்மாவும் கருப்பாயியும் மோரியோரமாகவே நடந்து குமிழி பார்த்தார்கள். குமிழி வந்த வீட்டு வாசலில் ரங்கம்மா செங்கல் வைத்தாள். ஆறு வீட்டில் செங்கல் வைத்தாயிற்று. சரசம்மா தன் வாசல் செங்கல்லைக் காலால் தள்ளினாள்.

"உன் மோட்டாரைக் கழட்டிட்ட, இப்ப எங்க மோட்டாரையும் கழட்டச் சொல்ற. கழட்டினா தண்ணி எல்லாம் யார் வீட்டுக்கு வரும்? தாழ இருக்கற உன் வீட்டுக்குத்தானே. எனக்குத் தெரியாதா உன்னை?"

"வந்து பபுளைப் பாரு அக்கா."

"நீயும் அந்தப் பொண்ணும் சேர்ந்து என்னா பண்றீங்களோ, யாரு கண்டா."

ரங்கம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சரசம்மா சொன்னது ஒவ்வொன்றும் அவளே சொல்லியிருக்கக்கூடிய பேச்சு. மாதவன் மனு எழுதித் தந்தான். ரங்கம்மா கைநாட்டு வைத்தாள், கருப்பாயி கையெழுத்துப் போட்டாள். பெரிய குழாயை மாற்ற அளந்துவிட்டுப் போனார்கள். எப்போது வருவார்கள் என்று அளந்தவர்களுக்கே தெரியவில்லை.

பர்கூரில் ஜோதிமணி மெல்லத் தேறினாள். முதல் ரத்தப் பரிசோதனையில் பாதி இறங்கியது. ரங்கம்மா நம்பவில்லை. மாதேஷ் காகிதத்தையே போட்டோ எடுத்து அனுப்பினான். கருப்பாயியைப் படிக்கச்சொல்லிக் கேட்டாள். அடுத்ததில் இன்னும் இறங்கியது. ஒன்பதாம் மாதம் நடுவில் ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஜோதிமணியே போன் செய்தாள். குரலில் பழைய கனம் வந்திருந்தது.

"அம்மா, டாக்டரு நல்லாருக்குதுன்னுட்டாங்க. பிள்ளை நல்லா உதைக்குது. அத்தை போகச் சொல்லிட்டாங்க. தலைப்பிரசவம் உங்கம்மா வீட்டுலயே ஆகட்டும்னு அவங்க வாயாலயே சொன்னாங்கம்மா. எப்ப வந்து கூட்டிகினு போற?"

ரங்கம்மா வாசலில்தான் நின்றிருந்தாள். எதிரே மோரி ஓடிக்கொண்டிருந்தது. சரசம்மா தள்ளிவிட்ட செங்கல் தள்ளியபடியே கிடந்தது. மேல்வீட்டு இருவர் குழாயை மாற்றிவிட்டார்கள். மிச்சம் எட்டுக் குழாய் மோரிக்குள்ளேயே.

"நம்ம வீட்டுக் குழாய் மாத்தியாச்சில்லம்மா?" என்றாள் ஜோதிமணி.

"மாத்தியாச்சு."

"தொட்டி கழுவியாச்சில்ல?"

"கழுவியாச்சு."

"அப்புறம் என்ன?"

இந்தப் பேச்சுக்காகத்தான் ரங்கம்மா சாந்தம்மாவிடம் அத்தனை வாய் பேசினாள். இந்தப் பிள்ளை தன் வீட்டில், தன் கையில் விழவேண்டும் என்றுதான் ஏழு வருஷம் காத்துப் பெற்றவளை இங்கே கொண்டுவந்து படுக்கவைத்திருந்தாள். புடவையின் முனையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"இங்க வராத" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"பிள்ளை பொறந்து, அது நடந்து, நான் வான்னு சொன்னா வா. அது வரைக்கும் உங்க அத்தை வீட்டுலயே இரு. அந்தம்மா கொதிக்கவெச்சுக் குடுக்கற தண்ணியைக் குடி. நான் வர்றேன்."

"ஊர்ல என்னா சொல்லுவாங்கம்மா? தாய் வீடு இருந்தும் இல்லாதவ மாதிரி."

"சொல்லட்டும். போனை அத்தைகிட்டக் குடு."

சாந்தம்மா போனை வாங்கினாள்.

"சம்மந்தி," என்றாள் ரங்கம்மா, "பிரசவம் அங்கயே ஆகட்டும். நான் வந்து கூட இருந்துக்கறேன். எனக்கு ஒரு பாய் போட இடம் இருக்குமா?"

"இருக்குது," என்றாள் சாந்தம்மா. "நாளைக்கே வா."